மலையடிவாரத்து வண்டிப்பாதைகள்

கொடைக்கானலுக்குக் காரில் ஏறுகிறவர்களுக்குத் திண்டுக்கல் சமவெளி கடந்துபோக வேண்டிய தூரம் மட்டுமே. செம்பட்டியில் ஒரு டீ, வத்தலக்குண்டில் கொஞ்சம் பழம், அதற்குள் மலை வந்துவிடும். அந்த மலையோ தன்னால் தாங்க முடிந்ததைவிட அதிகமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிற வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்ததே அதற்குச் சான்று. சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களும் பெரும்பாலும் காரின் வழியிலேயே போகிறார்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடிப்பதும், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை மிதித்துச் சேர்வதும்தான் இந்தப் பக்கத்துச் சாதனைகளாகப் பேசப்படுகின்றன. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மலைநாட்டின் கிராமப்புறத்தைச் சைக்கிளில் பார்க்க விரும்புகிறவருக்கு உரிய வழி மலைக்கு மேலே இல்லை. மலையின் காலடியில், தார் போடாத வண்டிப்பாதைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் இருக்கிறது. அந்த வழிகள் இன்று ஆள் நடமாட்டம் இல்லாமல் அழிந்துவருகின்றன என்பதையும், அவற்றைக் காப்பாற்ற நம்மிடம் உள்ள மலிவான கருவி சைக்கிள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகில் இப்போது கிராவல் சைக்கிளிங் என்று பெயர் பெற்றிருக்கும் பயணம் இந்த மாதிரி வழிகளை நம்பியே வளர்ந்தது. 2006இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிறு நகரத்திலிருந்து 34 பேர் பண்ணைகளுக்கு நடுவே போகும் சரளைச் சாலைகளில் 200 மைல் மிதிக்கக் கிளம்பினார்கள். இன்று அன்பவுண்ட் கிராவல் என்ற பெயரில் நடக்கும் அதே போட்டிக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். 2022இல் இத்தாலியில் கிராவலுக்கென்றே முதல் உலக சாம்பியன் போட்டியும் நடந்துவிட்டது. ஆனால் திண்டுக்கல்லுக்குப் பாடம் சொல்லக்கூடியது இந்தப் போட்டிகள் அல்ல. அதே இத்தாலியில் 1997இல் டஸ்கனி மாநிலத்தின் காயோலே என்ற ஊரில் எரோயிகா என்ற பெயரில் தொடங்கிய பழைய சைக்கிள்களின் ஊர்வலம்தான் நாம் கவனிக்க வேண்டியது. அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளை வழிகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு அவை மறைந்துகொண்டிருந்தபோது, அவற்றைக் காக்கவே 92 பேர் அந்த வழிகளில் சைக்கிள் ஓட்டினார்கள். பின்னர் அந்த வழிகளுக்கு நிரந்தரமாக வழிகாட்டிப் பலகைகள் நட்டார்கள். வருடம் முழுவதும் ஆள் வரத் தொடங்கியதும், மண்வழி என்பது வளர்ச்சி எட்டாத இடம் என்ற எண்ணம் மாறி, ஊரின் சொத்து என்றானது. உலகப் புகழ்பெற்ற தொழில்முறைப் பந்தயம் ஒன்று 2007 முதல் அதே வெள்ளை வழிகளில் ஓடுகிறது. பந்தயத்துக்குப் பல வருடம் முன்பே வழியைக் காக்கும் முயற்சி தொடங்கிவிட்டது என்பதுதான் இதில் முக்கியம்.

இதைக் கேட்டதும் இரண்டு லட்ச ரூபாய் சைக்கிளும் வெளிநாட்டுத் தலைக்கவசமும் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா என்ற கேள்வி எழும். நம் ஊரில் பால்கேன் கட்டிப்போன கறுப்பு சைக்கிளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். அதன் டயர் 28க்கு ஒன்றரை அங்குலம். அதாவது அகலம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். இன்று கிராவல் சைக்கிளுக்கென்று தனியாக விற்கப்படும் டயர்களும் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டருக்குள்தான் வருகின்றன. தார்ச்சாலைப் பந்தய சைக்கிளின் டயர் 25, 28 என்று மெலிந்திருக்கும். கறுப்பு சைக்கிளின் நீண்ட சட்டமும், முன்னே சாய்ந்த போர்க்கும், பெரிய சக்கரமும் தார் பரவாத காலத்து வழிகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளும் அந்த வகைதான். புது சைக்கிளில் இருக்கும் கியரும், கைக்கு எட்டும் டிஸ்க் பிரேக்கும், எடைக் குறைவும் உண்மையான முன்னேற்றங்கள். மேடு ஏறும்போது ஒற்றைப் பல்சக்கரம் கொண்ட பழைய வண்டி மூச்சு வாங்க வைத்துவிடும். ஆனால் வழி மலையில் ஏறாமல் அடிவாரத்தோடு போகுமானால் அந்தக் குறை பாதியாகிவிடும். தமிழ்நாட்டு அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிவாக்கியது. அதனால் இந்தச் சமவெளியில் சைக்கிள் இல்லாத கிராமம் என்று ஒன்று இருக்காது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதும் இப்படிப்பட்ட ஊர்ப்புற வழிகளில்தான். அதை யாரும் விளையாட்டு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனி நிலத்துக்கு வருவோம். திண்டுக்கல் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் சிறுமலை, மேற்கே பழனி மலைத் தொடரின் தாழ்ந்த படிகள், வடகிழக்கே கரந்தமலையும் அய்யலூர்க் குன்றுகளும். நடுவில் கோட்டை ஏந்திய ஒற்றைப் பாறை. 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் அதன்மேல் கோட்டை எழுப்பியதற்கும், பின்னால் ஹைதர் அலி இங்கே தளம் அமைத்ததற்கும் காரணம் ஒன்றுதான்: நான்கு பக்கமும் மலைக்கு நடுவே புகுந்து வரும் வழிகளை அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். சைக்கிளில் போகிறவருக்கு அந்தப் பாறை வேறு விதத்தில் உதவுகிறது. செல்போன் வரைபடம் கைவிட்டாலும் திசை தவறாது.

இந்த வட்டத்தில் மிகச் சிறந்த அடிவார வழி மேற்கே, அய்யம்பாளையத்துக்கும் ஆத்தூருக்கும் இடையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், சித்தரேவு, சித்தையன்கோட்டை, ஆத்தூர் என்று ஊர்கள் மலையை ஒட்டி வரிசையாக வருகின்றன. ஊருக்கு ஊர் தார் ரோடு உண்டு. அதற்கும் மலைக்கும் நடுவில் தென்னந்தோப்புக்கும் வாழைக்கும் நெல்லுக்கும் போகும் வண்டிப்பாதைகள், வாய்க்கால் கரைகள், கண்மாய்க் கரைகள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான் இந்த ஊர்களை இந்த இடத்தில் உட்கார வைத்தவை. அய்யம்பாளையத்தின் மருதாநதி தெற்கே போய் வைகையில் சேர்கிறது. ஆத்தூரில் காமராசர் நீர்த்தேக்கத்தை நிரப்பும் குடகனாறு வடக்கே ஓடி, அழகாபுரி அணையைத் தாண்டி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. அதாவது வைகைக்கும் காவிரிக்கும் உள்ள நீர்ப்பிரிமேடு இந்தச் சில கிலோமீட்டருக்குள் எங்கோ ஒரு தோப்பில், யாரும் கவனிக்காமல் கிடக்கிறது. காரில் போகிறவருக்கு அது தெரிய வழியில்லை. சைக்கிளில் போகிறவர் வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தபடியே கடக்கலாம். குடகனாற்றுத் தண்ணீரில் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு எவ்வளவு என்று ஊர்களுக்குள் நடக்கும் நீண்ட வழக்கின் பொருளும் அங்கே நின்று பார்த்தால்தான் விளங்கும்.

கிழக்கே சிறுமலையின் மேற்கு அடிவாரத்தில் வெள்ளோடு, அம்பாத்துரைப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். மலையின் மறுபக்கம் நத்தத்தை நோக்கிப் போனால் மாந்தோப்பும் புளியமரமும். தெற்கே நிலக்கோட்டைப் பூக்காடு, விடியும் முன்னே பறித்து முடித்துவிடும். வடக்கே தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் விஜயநகரக் காலத்துச் சிற்பத் தூண்களைப் பார்த்துவிட்டு, குடகனாற்றை ஒட்டி வேடசந்தூர் வரை போகலாம். தோல் பதனிடும் கழிவால் கெட்டுப்போன கிணறுகளும் திண்டுக்கல்லைச் சுற்றி உண்டு. நல்ல பயணவழி அவற்றைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது என்றே நினைக்கிறேன். நிலத்தைப் பார்க்கப் போகிறவர் அதன் காயத்தையும் பார்க்க வேண்டும்.

வண்டிப்பாதை என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும் தரை ஒரே மாதிரி இருப்பதில்லை. செம்மண் வழியில் மழை பெய்து ஒரு வாரம் ஆனபின் மேல்மண் இறுகி, தார்ச்சாலைக்கு நிகராக ஓடும். அதே வழி கோடையில் புழுதியாகி, ஓட்டுகிறவரின் கைக்குக் கீழே முன்சக்கரம் நெளியும். மழைநீர் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போன சரிவுகளில் வெள்ளைக்கல்லும் சுக்கான்கல்லும் மட்டும் மிஞ்சி, டயருக்கு அடியில் உருளும். இரும்புப் பட்டைச் சக்கரங்கள் பல தலைமுறையாக அறுத்த இரண்டு தடங்கள், நடுவே புல் முளைத்த முதுகு. சைக்கிள் அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மாட்டுக் குளம்பு பதிந்த இடங்களில் கொஞ்சம் குதித்துப் போகும். காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் அந்த அதிர்வில் பெரும்பங்கை டயரே வாங்கிக்கொள்ளும். கண்மாய்க் கரை இன்னும் சுகம்: இருபக்கமும் பனை, ஒருபக்கம் தண்ணீர், ஒருபக்கம் வயல். மடை வந்தால் வேகம் குறைக்க வேண்டும். மறுகால் பாயும் கலிங்கில் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். இந்த இறங்கி ஏறுதல்தான் கார்களையும் பெரிய பைக்குகளையும் இங்கே வராமல் தடுக்கிறது. அது இடைஞ்சல் அல்ல, காவல்.

அந்தப் பாதைகள் ஏன் அழிகின்றன? மாட்டுவண்டி போய்விட்டது. டிராக்டர் வந்தபிறகு அறுவடை தார் ரோட்டோரத்திலேயே ஏற்றப்படுகிறது. நடப்பவர் இல்லாத பாதையில் முதலில் சீமைக்கருவேலம் முளைக்கிறது. பிறகு இருபக்கத்துக் காடும் உழவுக்கு ஒரு சால் வீதம் உள்ளே நகர்கிறது. கடைசியில் வீட்டுமனைக்கு வேலி விழுகிறது. கிராம வரைபடத்திலும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டிலும் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று அது அப்படியே இருக்கும், தரையில் மட்டும் இருக்காது. புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகற்ற 1905ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியும் இருக்கிறது. சட்டம் போதவில்லை என்பதல்ல குறை. பாதை மறைந்ததைக் கண்டு கேள்வி கேட்க, அதில் தினமும் போகிற ஒருவர் இல்லை. வாரம் இரண்டு நாள் பத்து சைக்கிள் போனால் அந்த ஒருவர் கிடைத்துவிடுவார்.

இதற்கு எதிராக எழக்கூடிய கனமான கேள்வி, கிராமத்தாரிடமிருந்து வருவது: நாங்கள் தார் ரோடு கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், நீங்கள் பொழுதுபோக்குக்காக மண் ரோட்டை அப்படியே வைத்திருக்கச் சொல்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு வளைந்து பதில் சொல்லக் கூடாது. ஊரிலிருந்து பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகும் வழிக்குத் தார் வேண்டும், உடனே வேண்டும். 2000 டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் நாடு முழுவதும் செய்தது அதைத்தான்; பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை ஆம்புலன்ஸ் ஏற்றிப்போகும் சாலையை எந்த சைக்கிள்காரரும் மறுக்க முடியாது. நான் பேசுவது அந்த வழிகளைப் பற்றி அல்ல. ஊர் இணைப்புச் சாலை வந்தபிறகும் மிஞ்சிக் கிடக்கும் தோட்டத்து வழிகள், கரைகள், ஓடையோரங்கள்: இவற்றுக்கு யாரும் தார் கேட்கவில்லை. இவற்றுக்குத் தேவை வருடத்துக்கு ஒருமுறை முள் வெட்டுவதும், அரித்த இடத்தில் கிராவல் கொட்டி மட்டம் செய்வதும்தான். நூறு நாள் வேலையில் மண்பாதை அமைக்கவும் கண்மாய்க் கரை சீர்செய்யவும் ஊராட்சிகள் பழகியிருக்கின்றன. அந்தச் சீரமைப்பால் முதலில் பயன் பெறுபவர் பூப்பறிக்கப் போகிற பெண்ணும் பால் எடுத்துவருகிறவரும். சுற்றுலாக்காரர் அதற்குப் பின்னால்தான்.

மலையை ஏன் விட வேண்டும், அடிவாரமும் மலையும் சேர்ந்ததுதானே சுவை என்று கேட்பவர்களும் உண்டு. சிறுமலையிலும் தாண்டிக்குடிப் பக்கமும் மலைவாழையும் மிளகும் காபியும் நிழல் தரும் தோட்ட வழிகள் அழகானவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே தார் தீர்ந்ததும் பெரும்பாலும் காப்புக்காடு தொடங்கிவிடும். 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கன்னிவாடி, தாண்டிக்குடி மலைகளில் யானை நடமாட்டம் உண்டு, சிறுமலையில் காட்டுமாடு. அனுமதியின்றி நுழைவது குற்றம், அதைவிட மடமை. வடகிழக்கே அய்யலூர், கடவூர் குன்றுகளில் 2022இல் 11,806 ஹெக்டேரில் நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இரவில் மட்டும் வெளிவரும் அந்தச் சின்ன உயிர், வெளிச்சத்தில் தடுமாறிப்போகும். அந்தப் பக்கத்து வழிகளில் பொழுது சாய்ந்தபின் விளக்குப் போட்ட சைக்கிளுக்கு வேலை இல்லை. காட்டெல்லை வரை போய்த் திரும்புவதுதான் ஒழுங்கான வழி என்றால், திட்டமிடும்போதே வழியை எல்லைக்கு வெளியே போட்டுவிடலாம். மலையைப் பார்க்க அடிவாரத்தைவிட நல்ல இடமும் இல்லை. மேலே ஏறியவருக்கு மலை தெரியாது, சமவெளிதான் தெரியும்.

வெயிலும் முள்ளும் இந்தப் பக்கத்தில் உண்மையான தடைகள். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதுக்கு மேல் மிதிப்பது உடம்புக்குத் தண்டனை. ஆடிக்காற்றில் ஒட்டன்சத்திரம் நோக்கி மேற்கே போவது அதற்குச் சமம். வடகிழக்கு மழை ஓய்ந்து, கண்மாயில் தண்ணீர் நிற்கும் மார்கழி முதல் மாசி வரைதான் பருவம். நெருஞ்சியும் கருவேல முள்ளும் டியூபைச் சும்மா விடாது. ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் டயர் ஒரு வழி. அது இல்லாதவருக்கு பஞ்சர் பசையும் ஒரு உபரி டியூபும் போதும். பெரும்பாலான ஊர்களின் சைக்கிள் கடையில் மீதி நடந்துவிடும். தூரத்திலிருந்து ஆட்கள் வந்தால் சோறும் தண்ணீரும் படுக்கையும் யார் தருவது என்ற கவலையும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் இந்தச் சமவெளி வழியாகத்தான் பழனிக்கு நடக்கிறார்கள். நகரத்தார் காவடி குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் என்று பல நூற்றாண்டாக வருகிறது. தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் தங்குமிடமும் ஊர்களே ஏற்பாடு செய்துகொள்கின்றன. ஒரு வேதனை மட்டும் இருக்கிறது: அந்தக் கூட்டம் இன்று லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கித் தார் ரோட்டோரத்தில் நடக்கிறது. அடிவார வண்டிப்பாதைகள் உயிரோடு இருந்தால் பக்தர்களில் ஒரு பகுதியாவது அவற்றில் நடக்கலாம்.

பேர் பெற்றுவிட்டால் ஜீப்பும் ரிசார்ட்டும் பின்னாலேயே வந்துவிடாதா என்ற அச்சம்தான் எனக்கு இதில் மிச்சமிருக்கிறது. கொடைக்கானலுக்கு நடந்தது கண்முன்னே இருக்கிறது. இந்த அச்சத்துக்கு முழுப் பதிலும் என்னிடம் இல்லை. ஆனால் அபாயத்தைக் குறைக்க வழி உண்டு. பாதையை அகலப்படுத்தாமல் விட வேண்டும். கரைகளின் இரு முனையிலும் சைக்கிளும் மாடும் நுழையும் அளவுக்குக் கல் நட வேண்டும். போட்டி நடத்தினாலும் நேரம் கணக்கிடும் பந்தயமாக நடத்தக் கூடாது. விளைந்து நிற்கும் வயலோரத்தில் கூட்டமாகப் போகக் கூடாது. பட்டா நிலத்தின் வழியே போகும் தடத்துக்கு அந்த நிலக்காரரிடம் கேட்க வேண்டும்.

தொடக்கம் காகிதத்தில்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. சித்தரேவு, அய்யம்பாளையம், ஆத்தூர் வட்டாரத்தின் ஊராட்சி ஒன்று தன் ‘அ’ பதிவேட்டிலுள்ள வண்டிப்பாதைகளைச் சர்வே எண்ணோடு வாசித்து, இவை பொதுவழி, இவற்றை அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று தீர்மானம் போட்டால், அந்த நகல் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். அளவையர் வரும்போது கூட நடக்க ஊர்க்காரர் இருவரும், சைக்கிளோடு இருவரும் இருந்தால் நல்லது. எந்த இடத்தில் முள் வெட்ட வேண்டும், எந்த ஓடையில் கிராவல் கொட்ட வேண்டும் என்ற பட்டியலை அன்றைக்கே எழுதிவிடலாம்.